ஆளில்லாக் கரிசலில் கருவேலம்

ஆஸ்திரேலியாவில் என் வண்டிச் சக்கரத்தை முதலில் பஞ்சராக்கியது எங்கள் ஊர் முள். சீமைக் கருவேலம் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. நான் சொல்வது நாட்டுக் கருவேலம். கண்மாய்க்குள் நிற்கும், மஞ்சள் உருண்டையாகப் பூக்கும், பல் துலக்கக் குச்சி ஒடிப்போமே, அந்த மரம். கமுதிக்குத் தெற்கே பிறந்து, சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, குயின்ஸ்லாந்தின் நட்டநடுவில் மாடுகளுக்குச் சினை பார்க்க வந்தவனுக்கு அந்த முள்ளை அடையாளம் காட்ட ஆள் வேண்டியிருக்கவில்லை. வெள்ளையாய், ஜோடி ஜோடியாய், விரல் நீளம்.

இடம் மட்டபரா. பிரிஸ்பேனிலிருந்து லாங்ரீச் வரை சுமார் 1,200 கிலோமீட்டர் மேற்கே போக வேண்டும். அங்கிருந்து வடக்கே இன்னும் 120. ஊரில் இருப்பது நூறு பேர் சுமார். சுற்றிலும் மேய்ச்சல் பண்ணைகள். ஒரு வீட்டு வாசலுக்கும் அடுத்த வீட்டு வாசலுக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர் இருந்தால் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். மண் அசல் கரிசல். வெயிலில் கால் நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். பத்து மில்லிமீட்டர் மழை விழுந்தால் போதும், செருப்பில் அப்பிய மண்ணோடு நடப்பவன் நாலு விரற்கடை உயர்ந்துவிடுவான், வண்டி நகராது, சாலையை மூடிவிடுவார்கள். அந்தக் கரிசலில் மிட்செல் புல் என்று ஒன்று வளர்கிறது. வேர் ஆழமாக இறங்கி, மழையில்லாத வருடங்களைத் தாக்குப்பிடித்து, ஒரே தூர் இருபது முப்பது வருடம்கூட நிற்கும். மரம் அபூர்வம். ஆற்றங்கரையில் கூலிபா மரங்கள் உண்டு. வெளியில் வானம், புல், இவ்வளவுதான். அதாவது, இருந்தது இவ்வளவுதான்.

இந்த ஊர் வரலாற்றைக் கேட்டால் இரண்டு கதை சொல்வார்கள். ஒன்று டைனோசர். 1963-ல் டக் லாங்டன் என்ற பண்ணைக்காரர் தாம்சன் ஆற்றோரம் மாடு மடக்கப் போனவர், எலும்புகளைப் பார்த்துச் சொன்னார். 1981-ல் அதற்கு முறைப்படி மட்டபராசாரஸ் என்று பெயரிட்டார்கள். ஊரில் சிலை நிற்கிறது, படம் எடுத்துக்கொள்கிறார்கள். மற்றது மாட்டுத் திருடன். அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கே மனசு வராது.

வில்லியம் லேண்ட்ஸ்பரோ, நாட் புக்கானன் என்ற இருவர் இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய், 1860களின் தொடக்கத்தில் போவன் டவுன்ஸ் என்ற பண்ணையை எழுப்பினார்கள். தாம்சன் ஆற்றையொட்டி நீண்டுகொண்டே போன பண்ணை. எது எங்கே மேய்கிறது என்று எஜமானுக்கே தெரியாது. 1870-ல் ஹாரி ரெட்ஃபோர்டும் கூட்டாளிகளும் அதிலிருந்து சுமார் ஆயிரம் மாடுகளைப் பிரித்து ஓட்டினார்கள். குயின்ஸ்லாந்தில் விற்றால் சூட்டுக்குறி காட்டிக்கொடுக்கும். எனவே கூப்பர் ஓடை வழியே தெற்கே இறங்கி, ஸ்ட்ரெஸ்லெக்கி ஓடையைப் பிடித்து, தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போனார்கள். பர்க், வில்ஸ் என்ற இரண்டு பெரும் பயணிகள் பட்டினி கிடந்து செத்தது அந்தக் கூப்பர் ஓடையில்தான், ஒன்பது வருடத்துக்கு முன். இவர்கள் அதே வழியில் ஆயிரம் மாட்டையும் உயிரோடு கொண்டுபோய் பிளாஞ்ச்வாட்டர் பண்ணையில் 5,000 பவுண்டுக்கு விற்றார்கள்.

மாட்டிவிட்டது ஒரு வெள்ளைக் காளை. வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கிய இனக் காளை, தானாகக் கூட்டத்தோடு வந்துவிட்டது. வழியில் சாமான் வாங்கக் காசில்லாமல் அதை ஒரு கடையில் தள்ளிவிட்டார்கள். கால்நடையோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆயிரம் சிவப்பு மாட்டை மறைத்துவிடலாம், ஒரு வெள்ளைக் காளையை மறைக்க முடியாது. 1873-ல் ரோமா நகர நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. காளையையே சாட்சியாகக் கொண்டுவந்தார்கள். ஜூரிகள் ரெட்ஃபோர்டு குற்றவாளி அல்ல என்றார்கள். அரசாங்கம் கடுப்பாகி, ரோமாவில் இரண்டு வருடம் குற்ற வழக்கே விசாரிக்கக் கூடாது என்று அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டது. ஜூரிகள் மீது எனக்குக் கோபமில்லை. யாரோ நகரத்து முதலாளியின் எண்ணிக்கை தெரியாத மாடு. அதை எவரும் மாட்டோடு கடக்காத வழியில் ஓட்டிக் காட்டிய கெட்டிக்காரன். மதுரை ஜில்லாவில் நடந்திருந்தாலும் அவன் பெயரில் ஒரு கும்மிப் பாட்டு வந்திருக்கும்.

ஆனால் திருட்டு என்று பேசினால் முதல் திருட்டிலிருந்து பேச வேண்டும். அந்த மண் இனிங்காய் மக்களுடையது. மாடு வந்தது, நீர்க்குட்டைகள் கலங்கின, பின்னாலேயே பூர்வகுடிப் போலீஸ் என்ற துப்பாக்கிப் படையும் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தச் சீமையில் செத்தவர்கள் எவ்வளவு என்று எந்தப் பண்ணைக் கணக்கிலும் ஏறவில்லை. ஆடு செத்தால் எழுதியிருப்பார்கள். பக்கத்து ஊரான ஆரமாக்கை அடுத்து மாரா வோங்கா என்ற பாறை முகப்பு இருக்கிறது. 160 மீட்டர் நீளம், செதுக்கல்கள் மட்டும் 15,000-க்கு மேல் என்று 2022-ல் வெளிவந்த ஆய்வு எண்ணிச் சொன்னது. அது இருக்கும் கிரேஸ்வேல் பண்ணை 2019-ல் இனிங்காய் மக்களிடம் திரும்பிவிட்டது. இப்போது அதன் பெயர் டர்ராபர்ரா.

இனி ஆடு. இந்த நாட்டை ஊராக்கியது மாடு அல்ல, செம்மறி ஆடு. காரணம் சுலபம்: மாட்டை விற்க ஆள் வேண்டாம், அது நடந்தே போகும். ஆட்டு ரோமத்தை யாராவது குனிந்து வெட்ட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பண்ணைக் கொட்டகைக்கும் கத்தரிப்புக்காரர்கள், ரோமம் தரம் பிரிப்பவர்கள், பொதி கட்டுபவர்கள், சமையல்காரன் என்று ஒரு பட்டாளமே வந்து இறங்கும். மூடிக் கிடக்கிற ஒரு பழைய கொட்டகைக்குள் நான் நின்றிருக்கிறேன். ஆட்டை இழுத்து வருகிற இடத்துத் தரைப்பலகை, ரோமத்து எண்ணெய் ஏறி ஏறி, நூறு வருடம் கழித்தும் கால் வழுக்குகிறது. தூண்களில் பொதிக்கு அடிக்கிற கறுப்பு மசியில் பெயர்களும் வருடங்களும். வெட்டின ஆட்டை வெளியே தள்ளுகிற சரிவு வாசல் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சின்னப் பட்டி, ஒரு ஆளுக்கு ஒரு பட்டி. சாயங்காலம் பட்டியை எண்ணித்தான் கூலி. 1892 அக்டோபர் 10 அன்று, பிளாக்கால் பக்கத்து ஆலிஸ் டவுன்ஸ் பண்ணையில் ஜாக் ஹோவ் என்பவர் கைக்கத்தரியாலேயே 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடு வெட்டினார். அதாவது ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய ஒரு ஆடு. எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு கிடாயைப் பிடிக்கவே அந்த நேரம் ஆகும்.

ஆள் சேர்ந்தால் சங்கமும் வரும். 1891-ல் கத்தரிப்புக்காரர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தில் இல்லாதவனையும் வேலைக்கு வைப்போம் என்றார்கள் முதலாளிகள். முடியாது என்றது சங்கம். பார்கால்டின் என்ற ஊரில் முகாம் போட்டார்கள், அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பியது, தலைவர்களுக்கு மூன்று வருடச் சிறை. வேலைநிறுத்தம் தோற்றது, ஆனால் அதன் வயிற்றில்தான் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி பிறந்தது என்று பார்கால்டின்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் கூடிய மரத்தை 2006-ல் எவனோ விஷம் வைத்துக் கொன்றான். அதற்கு மேல் இப்போது பெரிய மண்டபம் கட்டியிருக்கிறார்கள். சங்கத்தின் கோரிக்கைகளில் சீனர்களுக்கு வேலை தரக் கூடாது என்பதும் ஒன்று. அந்த மண்டபத்தைச் சுற்றிக் காட்டுபவர்கள் அதை அழுத்திச் சொல்வதில்லை. நான் கறுத்த தோல்காரன், அதை மனசில் குறித்துக்கொண்டுதான் அண்ணாந்து பார்த்தேன்.

ஆட்டுக்கு இரண்டு குறை. ஒன்று தண்ணீர். அது 1887-ல் பார்கால்டினில் ஆழ்துளை போட்டதும் தீர்ந்தது என்று நினைத்தார்கள். பெரிய ஆர்டீசியன் படுகை ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பூமிக்கடியில் விரிந்திருக்கிறது. துளை போட்ட இடத்தில் தண்ணீர் தானாகப் பீறிட்டு வந்தது. சுடச்சுட, கந்தக வாடையோடு. அதற்குக் குழாய் போடவில்லை. கரிசலில் வாய்க்கால் கீறி, மைல் கணக்கில் திறந்து விட்டார்கள். பத்துப் பங்குத் தண்ணீரில் ஒன்பது பங்கு வெயிலுக்கும் மண்ணுக்கும் போனது. இந்த வாய்க்கால்களை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

இன்னொரு குறை நிழல். 1895 முதல் 1903 வரை பெரும் பஞ்சம். 1892-ல் இரண்டு கோடிக்கு மேல் இருந்த குயின்ஸ்லாந்து ஆடுகள், 1902-ல் எழுபது லட்சம் சுமாருக்கு இறங்கின. பஞ்சம் போன பிறகும் வெயில் போகவில்லை. மரமில்லாத வெளியில் நாற்பது பாகைக்கு மேல் காயும்போது பிறந்த குட்டி அன்றைக்கே சாகும். கிடாக்களின் விந்து கெடும். நிழல் வேண்டும், கரிசலில் நிற்கிற மரம் வேண்டும், வறட்சியில் தீவனமும் ஆனால் நல்லது. இந்த மூன்றும் கேட்டால் நம் ஊரில் ஆடு மேய்க்கும் எந்தக் கீதாரியும் யோசிக்காமல் கருவேலம் என்பான். அவர்களும் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். 1890களிலேயே இந்தியாவிலிருந்து விதை வந்து, அழகுக்கும் நிழலுக்கும் நட்டிருந்தார்கள். 1926-ல் மேற்குப் பகுதி ஆட்டுப் பண்ணைகளுக்கு நிழல் மரமாக இதை நடலாம் என்று அரசு விவசாயத் துறையே பரிந்துரைத்தது. பண்ணைக்காரர்கள் திறந்த வாய்க்கால் ஓரங்களிலும் வீட்டைச் சுற்றியும் நட்டார்கள். தவறான யோசனை என்று இன்றைக்குச் சொல்வது எளிது. அன்றைய ஆட்டையும் அன்றைய வெயிலையும் வைத்துப் பார்த்தால் நானும் அதையேதான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

முப்பது வருடம் பெரிய தொல்லை இல்லை. நடுவில் ஆட்டு ரோமத்துக்குப் பொற்காலமும் வந்தது. கொரியப் போரில் பட்டாளத்துக்குக் கம்பளி வேண்டியிருக்க, 1951-ல் நல்ல ரகம் ஒரு பவுண்டு எடை ஒரு பவுண்டு காசுக்குப் போனது. அந்தப் பணத்தில் கட்டிய வீடுகளின் கூடத்தில் இன்னும் பியானோக்கள் நிற்கின்றன, சுருதி போய். அதே 1950களில் நல்ல மழையும் பெய்தது. மரம் வாய்க்காலை விட்டு வெளியே வந்தது. 1957-ல் அரசாங்கம் அதைக் களை என்று அறிவித்தது. 1970களின் நடுவில் தொடர்ந்து பெருமழை. ஒவ்வொரு மழைக்கும் ஒரு தலைமுறைக் கன்றுகள் எழும்பின. இன்றைக்கு மாநிலம் முழுவதும் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் கருவேலம் பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பே ஒரு கோடியே முப்பது லட்சம் ஹெக்டேர்தான். அடர்ந்த இடத்தில் மிட்செல் புல் செத்து, மரத்தடி வெறும் கட்டாந்தரை. மாட்டை மடக்க மோட்டார் பைக் உள்ளே நுழையாது.

மழை மட்டும் காரணமா? இல்லை என்பதற்குச் சாட்சி சாணியில் இருக்கிறது. வறட்சிக் காலத்தில் மாடு கருவேல நெற்றை ஆவலாகத் தின்னும். நான் சினை பார்க்கப் போன பண்ணைகளில் காய்ந்த சாணியைப் பூட்ஸ் முனையால் உடைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. உள்ளே கரும்பழுப்பு விதைகள், ஒரு கீறல்கூட இல்லாமல், ஈரமும் எருவும் சூழ. மாடு நடந்த தூரமெல்லாம் நடவு. பக்கத்திலேயே ஆட்டுப் புழுக்கையை நசுக்கிப் பார்த்தால் அநேகமாக ஒன்றும் இருக்காது. ஆடு விதையைக் கடித்து நொறுக்கிவிடும், அல்லது அசைபோடும்போது துப்பிவிடும். நம் ஊரில் வனத்துறைக்காரர்கள் கருவேல விதை வேண்டுமென்றால் ஆட்டுக்கிடை போட்ட இடத்தில் வந்து பொறுக்குவார்கள், தெரியுமல்லவா? விதை கிடையிலேயே கிடக்கும். ஊர் சுற்றப் போகாது.

அந்த ஆடு போய்விட்டது. 1970களிலிருந்து ரோமத்துக்கு அடிப்படை விலை என்று ஒன்றை வைத்து, சந்தையில் வாங்காததைத் தொழில் அமைப்பே வாங்கி அடுக்கியது. 1980களின் கடைசியில் அந்த விலையைக் கிலோவுக்கு 870 செண்ட் வரை ஏற்றினார்கள். உலகம் வாங்குவதை நிறுத்தியது. 1991 பிப்ரவரியில் திட்டம் விழுந்தபோது கிடங்குகளில் 47 லட்சம் பொதி. விலையில்லாத ஆடுகளைக் குழி வெட்டிச் சுட்டுப் புதைத்தார்கள். மிச்சத்தைக் காட்டுநாய் பார்த்துக்கொண்டது. பண்ணைகள் மாட்டுக்கு மாறின. கத்தரிப்புக்காரன் வரவில்லை, சமையல்காரன் வரவில்லை, அவர்களை நம்பியிருந்த கடை போனது. ஆயிரக்கணக்கான மாட்டை ஒரு ஹெலிகாப்டரும் நாலு பேரும் மடக்கிவிடுகிறார்கள். விதை தூவுகிற பிராணி வந்தது. மரத்தை வெட்டக்கூடிய கைகள் போயின. இரண்டும் ஒன்றாக நடந்தன. என் கணக்கில் இந்த ஊரின் கதை இதுதான். டைனோசர்களும் திருடர்களும் சுற்றுலாவுக்கு.

கருவேலம் நம்மிடம் ஏன் அடங்கிக் கிடக்கிறது என்று பாருங்கள். நெற்றைத் துரட்டியால் உலுக்கி ஆட்டுக்குப் போடுகிறோம். கிளையை வெட்டி வேலி அடைக்கிறோம். பட்டை தோல் பதனிட, பிசின் மருந்துக்கு, வைரம் பாய்ந்த கட்டை கலப்பைக்கும் வண்டிக்கும், மிச்சம் அடுப்புக்கு. நூற்றாண்டுகளாக அதை ஒருவனும் சும்மா விடவில்லை. அங்கே இருபதாயிரம் ஹெக்டேருக்கு ஒரு குடும்பம், அடுப்பு மின்சாரம்.

அறிவியல் வேறு கேள்வி கேட்டது: பிறந்த மண்ணில் இதைத் தின்கிற பூச்சி எது? 1980களில் பாகிஸ்தானிலிருந்து ஒரு விதை வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அது பிழைத்துக்கொண்டது, ஆனால் வண்டு போய்ச் சேருமுன் மாடு நெற்றைத் தின்றுவிடுகிறது. 2008 வாக்கில் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் தேடினார்கள். பூச்சிமருந்து அடித்த நாற்றையும் அடிக்காத நாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, எந்தப் பூச்சி எவ்வளவு கெடுக்கிறது என்று பார்த்தார்கள். நம் பக்கத்துச் செதில்பூச்சி ஒன்று பிரிஸ்பேன் தனிமைக் கூடத்துக்கு விமானம் ஏறியது. சிக்கல் என்னவென்றால் கருவேலத்துக்கு உறவான அகேசியாக்கள் ஆஸ்திரேலியாவுக்கென்றே சுமார் ஆயிரம் வகை இருக்கின்றன. தேசிய மலரே அதில் ஒன்று. கூடத்தில் நம் பூச்சி அந்த ஊர் மரங்களிலும் குடியேறியது. போதும் என்று விட்டுவிட்டார்கள். இலை பிணைக்கும் புழு ஒன்றுக்கும் அதே கதி. தேடல் பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போனது.

ஆக, பண்ணையில் நடப்பது டீசல் வைத்தியம்தான். களைக்கொல்லியை டீசலில் கலந்து, முதுகில் சுமந்து, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் சுற்றிப் பீய்ச்ச வேண்டும். பெரிய காடாக இருந்தால் இரண்டு புல்டோசருக்கு நடுவில் கப்பல் சங்கிலி கட்டி இழுப்பார்கள். 1999 முதல் திறந்த வாய்க்கால்களை மூடிக் குழாய் போட அரசாங்கம் பணம் தந்தது. தண்ணீர் மிஞ்சியது, கருவேலத்துக்கும் ஒரு நாற்றங்கால் குறைந்தது. 2010களின் நடுவிலிருந்து பல பண்ணைகள் சேர்ந்து காட்டுநாய் புகாத உயர வேலி கட்டுகின்றன. வேலிக்குள் ஆடு திரும்புகிறது. செம்மறி மட்டுமல்ல, வெள்ளாடும். வெள்ளாடு கன்றைக் கடிக்கும், பட்டையை உரிக்கும்.

அந்தப் பண்ணைகளில் ஒன்றை நடத்துகிற எழுபது தாண்டிய அம்மா ஒருவர், மாட்டுக் கொட்டத்தில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "உங்கள் ஊரில் இந்த மரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள், டாக்டர்?" கிடை போடுவதைச் சொன்னேன். ஆடு யாருடையதோ, நிலம் யாருடையதோ. கீதாரி ராத்திரி பட்டியடைத்துக் காவலிருப்பான், புழுக்கைக்காக நிலத்துக்காரன் அவனுக்குப் பணமோ நெல்லோ கொடுப்பான் என்றேன்.

"புழுக்கைக்குப் பணமா?" என்றார். சிரித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்துத் தீவன மூட்டையின் மேலேயே கணக்குப் போட்டார். ஆட்டுக்கு இத்தனை ஆள், ஆளுக்கு மணிக்கு இவ்வளவு சம்பளம், ராத்திரிக் காவலுக்கு ஒன்றரை மடங்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டிப்பு, தங்க இடம், சாப்பாடு, காப்பீடு. அடியில் கோடு போட்டுத் தொகையைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"டீசல் மலிவு" என்றார். மகனைக் கூப்பிட்டு, லாங்ரீச்சுக்குப் போன் போட்டு இன்னும் இரண்டு பீப்பாய் சொல்லச் சொன்னார்.